கன்னியம்மாவின் வாசனைப் புகையிலை

1952, ஆடி மாதம், வியாழன் இரவு

துறைமுகத்தில் மூட்டை விழுந்து என் கால் முறிந்ததிலிருந்து வீட்டில் வருமானம் இல்லை; இப்போது நடக்க முடிகிறது, சுமை தூக்க முடியவில்லை. என் பெண்சாதி கன்னியம்மா புகையிலையை நறுக்கி, வெல்லப்பாகில் பிசைந்து, ஏலமும் கிராம்பும் தட்டிப் போட்டு உலர்த்தினாள். “இன்னாடி, போயிலையா பாயசமா?” என்று வாரமெல்லாம் கிண்டல் செய்தேன். அவள் புகையிலை போடுகிறவளே இல்லை. முகர்ந்து பார்த்தே பதம் சொல்கிறாள்.

இன்று அதை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை பாயின் வெற்றிலைபாக்குக் கடைக்குப் போனோம். அவர் வாங்கினால்தான் எங்கள் அடுப்பு எரியும். ஒரு கிள்ளு எடுத்து வாயில் அடக்கியவர், “கிராம்பு தூக்கலா கீதும்மா, விக்காது” என்றார். கன்னியம்மா பொட்டலத்தை மடிக்கப் போனாள். அதற்குள் பாயின் கை தானாக இன்னொரு கிள்ளு எடுத்தது.

“விக்காத சரக்க நீங்களே துன்னு தீத்துடுவீங்க போல கீதே, பாய்” என்றாள்.

பாய்க்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாராவாரம் கொண்டாந்து குடும்மா” என்றார்.

கிண்டலில் என்னையே மிஞ்சிவிட்டாள். ஆனால் தெருவுக்கு வந்ததும் பார்த்தேன், அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கால் வலிக்கிறது என்று பொய் சொல்லி, வீடு வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.