கிழியாத கையுறை

இன்று காலை பேட்டரி வாங்கப் போனேன். நாம் வழக்கமாகப் போகும் அதே டூல்ஸ் கடை. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் திறந்திருக்கும் என்பது உனக்குத் தெரியும். கடைக்காரர் பில் போட்டு முடித்து, கீழே குனிந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "கிளவுஸ் ஒரு ஜோடி ஃப்ரீங்க்கா. கைக்குப் பாதுகாப்புங்க." உள்ளே வெள்ளை நூலில் பின்னிய கையுறை. உறையைப் பிரிக்கும் முன்பே அந்தப் புதுத்துணி வாசனை எனக்கு வந்துவிட்டது. வேண்டாங்க என்றேன். "சும்மாதானுங்க்கா தர்றோம், வெச்சுக்குங்க" என்று அவர் என் பைக்குள் போட வந்தார். நான் பையை வெடுக்கென்று இழுத்ததில் பின்னால் நின்றவர்மேல் இடித்துக்கொண்டேன். எல்லோரும் பார்த்தார்கள். வேலம்பாளையம் வீட்டுக்கு வந்து சேரும்வரை பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை நீ இருந்தபோது நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கடைக்கு நீ என்னை முதன்முதலில் அழைத்துப் போனது ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம். அப்போது நாம் இருவரும் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். நீ பவர் டேபிள் தையல் மெஷினில் டெய்லர், நான் தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங். போனஸ் வாங்கியவர்கள் எல்லாம் புடவைக் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓட, நீ மட்டும் ட்ரில்லிங் மெஷின் வாங்க வேண்டும் என்றாய். வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்றான உன் லைன் வீட்டில் ஒரு பலகை மாட்ட எந்தக் கார்ப்பெண்டரும் வரவில்லை. சின்ன வேலைக்கு யார் வருவார்கள்? "ஒரு பலகைக்கு ஒரு மாசமா நடக்கேன் யக்கா. நாமளே மாட்டிக்கிடுவோம்" என்றாய்.

கடைக்காரர் கைக்கு அடக்கமான ஒரு சிவப்பு ஸ்க்ரூடிரைவர் பெட்டியை நீட்டி, "லேடீஸுக்கு இது போதுமுங்க" என்றார். நீ அதை ஓரமாகத் தள்ளி வைத்தாய். ஒவ்வொரு மெஷினாக எடுத்து, பேட்டரியை மாட்டச் சொல்லி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். கர்ட்டன் கம்பி மாட்டும்போது கை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கிறாயாம். கடையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். "லேசா இருக்கணும், ஆனா சுவத்தப் பாத்துப் பயந்திரப்பிடாது" என்று சொல்லி நடுத்தரமான ஒன்றை எடுத்தாய். வயர் இல்லாததுதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாய். லைன் வீடுகளில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதிலும் யாராவது கரண்ட் குக்கரில் சோறு வைத்திருப்பார்கள். "பின்னால ரம்பம் வாங்குனா இதே பேட்டரி அதுக்கும் சேருமா?" என்று கேட்டாயே, அப்போதுதான் கடைக்காரர் உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

என் பயங்கள் உனக்குத் தெரியும். சுவருக்குள் வயர் இருந்தால் என்ன செய்வது, பேட்டரி சூடாகி வெடித்தால் என்ன செய்வது, துளைத் தூசி கண்ணில் விழுந்தால் என்ன செய்வது. நான் கேட்கக் கேட்க நீ சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் சாக்பீஸால் கோடு போட்டு, "இந்தக் கோட்டுப் பக்கம் போக மாட்டேன், போதுமா?" என்பாய். ஞாயிறுதோறும் பலகை, கண்ணாடி, கொசுவலைச் சட்டம். அப்புறம் சின்னப் பனியன் யூனிட்டுகளுக்குச் செக்கிங் டேபிள். பனியனை விரித்து ஓட்டை, கறை பார்க்கும் மேசை. மேலே ட்யூப் லைட். பத்து வருஷம் அப்படியொரு மேசை முன் நின்ற என்னிடம், "உனக்கு எங்கன வலிக்கும்?" என்று கேட்டு, என் முழங்கை உயரத்துக்கு அளவெடுத்து நீ செய்த மேசை அது.

உன் கையுறையை நான்தான் தைத்தேன். உன் விரலில் மரச் சிலாம்பு ஏறியதைப் பார்த்துவிட்டு, கட்டிங்கில் மிஞ்சிய துணியை எடுத்து, சாப்பாட்டு இடைவேளையில் ஓவர்லாக் தையல் மெஷினில் ஓட்டினேன். பிரிந்துவிடக் கூடாதென்று இரட்டைத் தையல் போட்டேன். "சுத்துற மெஷினுக்குக் கையுறை ஆகாதுன்னு டப்பாவுல படம் போட்டிருக்கு யக்கா" என்று நீ சொன்னாய். நான் கேட்கவில்லை. "எனக்காகப் போட்டுக்க கண்ணு. இல்லீன்னா நான் பக்கத்துலயே நிக்க மாட்டேன்" என்றேன். நீ போட்டுக்கொண்டாய்.

எங்கள் வீட்டு வாசலில், மேசைப் பலகையில் ட்யூப் லைட் வயருக்கு வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாய். இடது கையால் பலகையை அழுத்தியிருந்தாய். ட்ரில்லின் சத்தம் திடீரென்று மாறியது. நின்றது. கையுறை சுற்றிக்கொண்டு, உன் கை மட்டும் அதிலிருந்து வரவில்லை. "யக்கா, பேட்டரியக் கழட்டு" என்று அமைதியாகச் சொன்னாய். எனக்குப் பொத்தான் எது என்றே தெரியவில்லை. நீயே வலது கையால் கழற்றினாய். நான் நூல் நறுக்கும் கத்தரியால் அந்தத் துணியை வெட்ட முயன்றேன். என் தையலை என்னாலேயே சீக்கிரம் வெட்ட முடியவில்லை.

ஆட்டோவில் உதடு வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்த நீ, "நல்லாத் தச்சிருக்க யக்கா. அதான் கிழியல" என்றாய். வேடிக்கையாகத்தான் சொன்னாயா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி என்று கேட்டார். "துப்பட்டா சிக்கிருச்சு சார்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். வெட்டிய கையுறைத் துண்டுகள் என் பையில் இருந்தன. சாயப்பட்டறையிலிருந்து கையில் நீலம் காயாமல் உன் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பொம்பளைக்கு எதுக்குட்டி இந்த மெஷினு? துப்பட்டாவ ஒதுக்கிக் கட்டத் தெரியாதா?" என்று வார்டே கேட்கும்படி ஏசினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமல்ல கண்ணு" என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

உன் இடது ஆட்காட்டி விரல் அப்புறம் மடங்கவேயில்லை. துணியை ஊசிக்குள் செலுத்த அந்த விரல்தான் வேண்டும். சூப்பர்வைசர் ஒரு மாதம் பார்த்துவிட்டு, "ஸ்பீடு வரலீங்க" என்றார். நீ டெய்லர் வேலையை விட்டு, முழு நேரமும் மர வேலைக்கே வந்தாய். அதே பேட்டரி சேரும் வட்ட ரம்பம் வாங்கினாய். துப்பட்டாவுக்குப் பதில் வீட்டுக்காரரின் அரைக்கைச் சட்டை, பின்னல் கொண்டைக்குள். இரண்டு வருஷம் நீ அறுத்தாய், நான் அளவு பார்த்தேன். ரம்பத்தை நான் தொட்டதில்லை. ஒருமுறை பொங்கலூர் பஸ்ஸில், "அன்னிக்கு அந்தக் கையுறை..." என்று ஆரம்பித்தேன். "அத விடு யக்கா. அளவச் சொல்லு, எழுதிக்கிடுதேன்" என்று நோட்டை எடுத்தாய். விட்டுவிட்டேன். விடச் சொன்னதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு அந்த மார்கழிக் காய்ச்சல். ஒன்பது நாள்.

காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் ட்ரில்லையும் ரம்பத்தையும் ஒரு பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "அவ உங்களுக்குத்தான்னு சொல்லிட்டாக்கா" என்று வைத்துவிட்டுப் போனார். மாதக்கணக்கில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. போன மாதம் பொங்கலூரில் ஒரு யூனிட்காரம்மா போன் செய்தார். "நீங்க போட்ட மேசையில நிக்கற புள்ளைங்க முதுகு வலின்னு சொல்றதில்லீங்க. இன்னும் அஞ்சு வேணுமுங்க." சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் பெட்ஷீட்டைப் பிரித்தேன். ரம்பத்தை எடுத்து மடியில் வைத்தேன். அதை ஓட்டும் முன்னே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றியது.

உன் வீட்டுக்குப் போனேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையுறை, இரட்டைத் தையல், ஆஸ்பத்திரியில் நான் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் டம்ளரையும் கீழே வைத்தார்.

"அவ சோறு வடிக்கும்போது அந்த வெரலு நட்டமா நிக்கும்க்கா. அதப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். துப்பட்டாவ ஒழுங்காக் கட்டியிருந்தா வந்திருக்குமான்னு கேப்பேன். ரெண்டு வருசம் கேட்டேன். அவ சிரிச்சுக்கிட்டே நிப்பா." அப்புறம் குரல் உடைந்தது. "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏசியிருக்க மாட்டேம்லா?"

"தப்புதானுங்க தம்பி" என்றேன்.

"போங்கக்கா. இப்பம் போங்க."

மூன்று வாரம் அவரிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அந்தத் தெருவழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். பிளைவுட் வந்து இறங்கியது. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனேன். பழைய பேட்டரி சார்ஜ் நிற்காதது ஒரு நல்ல சாக்காக இருந்தது. புதுப் பேட்டரியோடு இன்று திரும்பி வந்தால், வாசல் கேட்டுக்கு வெளியே அவர் நிற்கிறார்.

"மேச எப்பம் குடுக்கணும்?"

"புதங்கிழமைங்க."

"பலகைய யாரு புடிக்கா?"

"யாருமில்லீங்க தம்பி."

உள்ளே வந்தார். சட்டையை அரைக்கையாக மடித்தார். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு தொங்கியது. கழற்றச் சொன்னேன். "சாமி கயிறுக்கா" என்றார். "இருக்கட்டுங்க. மெஷின் பக்கத்துல ஆகாது. கழட்டுங்க" என்றேன். இவ்வளவு கண்டிப்பாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நீ செய்வதுபோலவே கட்டைகள் அடுக்கி, பலகையைப் படுக்க வைத்து, கோட்டை ஒட்டி, ரம்பம் விலகாமல் போக நேர்ச்சட்டம் இறுக்கினேன். பிளேடு பலகையைவிடக் கொஞ்சம்தான் கீழே எட்ட வேண்டும். மூன்று முறை பார்த்தேன். சுவிட்சை அழுத்தினேன். பாதி தூரம் போனதும் ரம்பம் முனகி, கையைப் பின்னால் தள்ளியது. நிமிர்ந்து பார்த்தால், உதவுகிறேன் என்று அவர் அந்த முனையை மேலே தூக்குகிறார். அறுத்த வாய் மூடிப் பிளேடைக் கவ்வுகிறது. "தூக்காதீங்க! எறக்குங்க!" என்று கத்திக்கொண்டே சுவிட்சை விட்டேன். பிளேடு நின்றது. பேட்டரியைக் கழற்றினேன். இந்த முறை பொத்தானைத் தேடவில்லை. "சும்மா ஏந்துனாப் போதுங்க தம்பி. தூக்கவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம்" என்றேன். தலையாட்டினார். மறுபடி ஆரம்பித்தேன்.

மத்தியானத்துக்குள் ஐந்து பலகையும் அறுத்தாயிற்று. ஒன்று கொஞ்சம் கோணல், இழைக்க வேண்டும்.

குழாயில் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அவர் பேசினார். "அவ சிரிச்சுக்கிட்டே நிப்பான்னு அன்னிக்கிச் சொன்னேம்லா. பொய்க்கா. நான் ஏசுனா ரெண்டு நாளு பேச மாட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த ஞாயித்துக்கெழம வேல இருந்தாச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீ வீட்டில் பேசாமல் இருந்த அந்த நாட்கள் சிலவற்றில் என்னோடு வேலைக்கு வந்திருக்கிறாய். உன் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, "என்ன கண்ணு, மேலுக்குச் சேரலியா?" என்று கேட்டிருக்கிறேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே, "ஒண்ணுமில்ல யக்கா" என்பாய். நான் நம்பிக்கொண்டு அடுத்த அளவைச் சொல்லியிருக்கிறேன். அந்த "ஒண்ணுமில்ல"யைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன்.