பின்னாலிருந்து கூப்பிட்டால்

கோச்சடை, மதுரை
ஐப்பசி, 1984

அன்பு மகன் சோணைமுத்துவுக்கு, தரையில் நடமாடும் உன் சித்தப்பன் பேயாண்டி ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, உன் சின்னம்மா சோலையம்மாள், நான், நம் இரண்டு பசுக்கள் எல்லாரும் அய்யனார் புண்ணியத்தில் சுகம், மேகத்துக்கு மேலே இருக்கும்போதும் பம்பாயில் கீழே இருக்கும்போதும் நீ சுகமாக இருக்கவேண்டும் என்று அவரிடமே சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் குதிரை ஓட்டுகிறவர், உன் தொழில் அவருக்குப் புரியும். வைகையில் இந்த வருஷம் நல்ல தண்ணீர். சோழவந்தானில் விழுந்த ஒரு எருமை மதுரையில் கரையேறி மாட்டினி ஷோ பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பியது என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள், பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான். பரவை மார்க்கெட்டில் உன்னால் எனக்கு வரும் மரியாதை தாங்கமுடியவில்லை. டீக்கடை ஆண்டிச்சாமி போனவாரம் "அண்ணே, ஒங்க மகன் பிளேன நடுவானத்துல நிப்பாட்டி டீ குடிப்பாராமே" என்று கேட்டான், "டீயெல்லாம் இல்லடா, காப்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதெல்லாம் உன் கடிதம் வருவதற்கு முந்தின கதை. வழக்கம்போல முற்றத்தில் உட்கார்ந்து நான்தான் உன் அம்மாவுக்கு, என் மதினிக்கு, வாசித்துக் காட்டினேன், மதினி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். உன் கடிதத்தில் பாதி நீ எழுதுவது, மீதி நான் வாசிக்கும்போது சேர்ப்பது, அது உனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். விமானம் கிளம்புமுன் சரிபார்க்கிற பட்டியலை நீ ஒவ்வொன்றாக வாசிக்க, கேப்டன் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பதில் சொல்லவேண்டும் என்பதுதான் முறை என்று எழுதியிருந்தாய். இறக்கைக்குப் பின்னால் ஃப்ளாப் என்று ஒரு பலகை உண்டு, அதை இறக்காமல் ஓடினால் விமானம் மேலே எழும்பாமல் போகலாம் என்றும் எழுதியிருந்தாய். போனமுறை நீ ஃப்ளாப் என்று வாசித்ததும் உன் கேப்டன் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டார், உன் கண் போய்ப் பார்த்தது, முள் பூஜ்யத்தில் நின்றது, பலகை இறங்கவே இல்லை. நீ வாய் திறக்கவில்லை. உனக்கு வேலை பழக்கியவர், வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவர், அவரே பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டாய். ஓடுபாதையில் எஞ்சினை முடுக்கினதும் எச்சரிக்கை ஹாரன் அலறியது, அவர் நிறுத்தி, சிரித்துக்கொண்டே அதைச் சரிசெய்துவிட்டுப் பறந்தார். இந்த இடத்தில் நான் ஹாரன் மாதிரியே கத்திக் காட்டினேன், தெருவில் இருந்த நாயெல்லாம் எனக்குப் பதில் சொன்னது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. "அந்த எடத்த மட்டும் மசாலா போடாம இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்றார். வாசித்தேன். வரும் மாதம் முழுக்க அதே கேப்டனோடு உனக்கு டியூட்டி என்றும், அவ்வளவு பெரியவரிடம் குற்றம் சொல்வது மரியாதையாக இருக்குமா என்று தெரியவில்லை என்றும் நீ கேட்டிருந்ததையும் வாசித்தேன். அவரைக்காயை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு "அவனும் பாத்துட்டுச் சும்மாதான் இருந்தானா" என்று கேட்டார்.

சோணை, உன் அப்பன் மாடு மிரண்டு வண்டி குடைசாய்ந்து செத்தான் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். நானும் அப்படித்தான் நம்பினேன், வாய்க்கால் பாலத்துச் சரிவுக்கு முதலில் ஓடிப்போனவன் நான், நெல்மூட்டையெல்லாம் அண்ணன் மேலே கிடந்தது, கழன்ற சக்கரம் தனியாக உருண்டுபோய் வாய்க்காலுக்குள் படுத்துக் கிடந்தது, மாடு ஓரமாக நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. மிரண்ட மாடு எப்படி மேயும் என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மதினிக்குத் தெரிந்திருக்கிறது, உன் கடிதத்தைக் கேட்டபிறகுதான் வாய் திறந்து சொன்னார். அன்றைக்குக் காலையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாராம். வண்டி தெருவில் இறங்கித் திரும்பியபோது சக்கரம் கழலாமல் பிடிக்கிற கடையாணி அச்சு முனையில் இல்லாததைப் பார்த்தாராம். அண்ணன் முகம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கிளம்பிவிட்ட ஆம்பளையைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண்ணாயிற்றே, அதிலும் புருஷன் பேரைச் சொல்லிக் கத்த முடியுமா. தெருமுக்கில் மாட்டுக்குத் தண்ணி காட்ட இறங்குவார், அப்போது அவரே பார்ப்பார் என்று நினைத்தாராம். அன்றைக்கு அவன் முக்கில் இறங்கவில்லை.

"இம்புட்டு வருசமா அவரு முதுகுதான் தம்பி வருது, வாசலத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்காரு, திரும்பவே மாட்டேங்குறாரு, கூப்பிட்டாத்தானே திரும்புவாரு" என்றார் மதினி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இந்த வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்து ஒன்றும் பேசாமல் சைக்கிள் சக்கரத்தையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்பாரே, நீ ரயில் ஏறின அன்றைக்கு ஸ்டேஷனில் குனிந்து ரயில் சக்கரத்தை ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனாரே, அதை நான் கோச்சடையிலிருந்து திருநகர் வரைக்கும் நடித்துக் காட்டி ஊரையே சிரிக்க வைத்தேன். இப்போது அந்தக் கதையை யாராவது கேட்டால் எருமைக் கதைக்குத் தாவிவிடுகிறேன். பேரே பேயாண்டி, பேய்கள் என்னிடம் அனுமதி வாங்கித்தான் புளியமரம் ஏறும் என்று சொல்லித் திரிந்தவனுக்கு, சாயங்காலம் மெட்ராஸ் விமானம் தலைக்கு மேலே போனால் சக்கரம் உருளுகிற சத்தம்தான் கேட்கிறது. அண்ணாந்து பார்ப்பதில்லை. வாசலைப் பார்க்கிறேன். முதுகு எனக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மதினி உனக்கு எழுதச் சொன்னதை மசாலா இல்லாமல் எழுதுகிறேன். "அந்தக் கேப்டன் திட்டுனா திட்டட்டும், வேலைய விட்டுத் தூக்குனா நம்ம வயல் இருக்கு, வந்து நாத்து நடட்டும். பாத்தத வாயத் தொறந்து சொல்லச் சொல்லுங்க. பெரியவருன்னு விட்டுட்டா அவரு வீட்டுலயும் ஒருத்தி வாசல்ல நிப்பாள்ல. அன்னைக்கு நாஞ் சொல்லாம விட்ட மாதிரி இவனும் விட்டு, அவரு பொண்டாட்டிக்கும் என் கதி ஆயிரக்கூடாது." என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். நீ அவருக்குப் பின்னால் நிற்கவில்லையடா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய், சகுனத்துக்குக்கூட உன்மேல் வழக்குப் போட இடமில்லை. உன் விமானத்துக்காவது ஒரு ஹாரன் இருந்தது, அண்ணன் வண்டிக்கு உன் அம்மா ஒருவர்தான் இருந்தார். ஒவ்வொரு தடவையும் ஹாரன் முந்திக்கொள்ளும் என்று நினைக்காதே, அதுவும் ஒருநாள் பழுதாகும். அவர் பார்க்காமல் சரி என்றால் நீ இன்னொருதரம் வாசி, அதற்கும் பார்க்காவிட்டால் கையைப் பிடித்துக் காட்டு. நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, பம்பாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

இன்று காலையில் உனக்கு எழுதத் தபால்கவர் வாங்கலாம் என்று சைக்கிளை எடுத்தேன். தெருமுனைக்கு வந்துவிட்டேன், மதினி பின்னாலேயே வருவது தெரிந்தது, அது வழக்கம்தானே என்று மிதித்தேன். "தம்பி, நில்லுங்க" என்று ஒரு சத்தம், தெருவே நின்றுவிட்டது. அவர் அப்படிக் கூப்பிட்டு நான் இதுவரை கேட்டதில்லை. இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தேன், செயினைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். "ஒண்ணுமில்ல, கூப்புட்டுப் பாத்தேன், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

உனக்கும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கும் எங்கள் எல்லாருடைய ஆசியும் உண்டு. புதன்கிழமை டியூட்டிக்குக் கிளம்புமுன் மறக்காமல் இதை இன்னொருதரம் வாசித்துக்கொள். பின்னாலிருந்து கூப்பிட்டும் போன காரியம் விளங்கியது, அந்தக் கவரில்தான் இது உனக்கு வருகிறது.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்
மொ. பேயாண்டி