ஃப்ரெட்டுக்கு எவ்வளவு லெஸ்?

கருங்குழி,
12 டிசம்பர் 2024

அன்புள்ள என்னங்க,

நான் நலம். நீங்களும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். கோபத்தில் எல்லாவற்றையும் விட்டாலும் அதை மட்டும் விடவில்லை.

உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன் என்று ரெஜினா அக்காவிடம் அழுதீர்களாமே. போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் மீதியை நீங்கள் முடித்து, அதற்குப் பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி எதுவானாலும் எழுதுங்கள்.

நான் ஏன் அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களுக்கு இன்னும் புரியவில்லையாம். நன்றாக இருக்கிறது கதை! அன்றைக்கு "மணிக்கட்டு வலிக்குதுங்க" என்றேன். கொஞ்சம் தைலம் தேய்த்துவிடுவீர்கள் என்றுதான் சொன்னேன். மறுநாளே நீங்கள் சர்ச்சுக்குப் போய், "பிரிசில்லா இனிமே பாஸ் கிடார் வாசிக்க மாட்டா" என்று சொல்லி, பாடகர் குழுவில் என் இடத்தில் ஸ்டான்லியை உட்கார வைத்து, என் கிடாரையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்தால் என் கிடார் இன்னொருத்தர் மடியில் இருக்கிறது. கேட்டதற்கு, "உனக்காகத்தானே பண்ணேன்" என்றீர்கள். எனக்காகச் செய்கிறவர் என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

சரி, அது போகட்டும். இப்போது ஒரு சந்தோஷமான செய்தி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு ஃப்ரெட்லெஸ் பாஸ் கிடார் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது கிடைத்திருக்கிறது! இணையத்தில் விளம்பரம் பார்த்தேன். எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. அதிலும் கருங்காலி மரத்தில் விரல் பலகை. இப்படி ஒன்று நம் பக்கம் கிடைப்பது லேசில் நடக்காது. அதுவும் எங்கே தெரியுமா? மாமல்லபுரத்தில், ஐந்து ரதம் போகிற வழியில், செங்கல்வராயன் என்பவர் கடையில். நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். நானோ செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் வருடக் கடைசி கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 29ஆம் தேதி ஞாயிறு வரை லீவு இல்லை.

அதனால் ஓர் உதவி. கடைக்குப் போய் அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்காக எடுத்துவைக்கச் சொல்லி அட்வான்ஸ் கொடுங்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம். இந்த ஒரு காரியம் நான் சொன்னபடி நடந்தால், மற்றதை அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுவோம்.

உங்கள்
பிரிசில்லா

*

மாமல்லபுரம்,
19 டிசம்பர் 2024

என் பிரியத்துக்குரிய பிரிசி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. "உங்கள் பிரிசில்லா" என்று போட்டிருந்தாய் பார், அந்த இடத்தில் வந்து வந்து நின்றுவிட்டேன்.

இங்கே ஓட்டலில் சீசன் கூட்டம். ஒரு ரூமில் ஏசி ஓடினால் அடுத்த ரூமில் தண்ணீர் வரவில்லை. எல்லாவற்றுக்கும் "ஜெபசிங், ஜெபசிங்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் கூப்பிட ஆளில்லை. ஈ.சி.ஆர் ஓரத்துக் கடையில் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பூங்கொடி பாவம் பார்த்து எப்போதாவது மீன் குழம்பு கொடுக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்ன கடைக்கு அன்றைக்கே ஓடினேன். முன்னால் கல் யானையும் பிள்ளையாரும். பின்னால் மூடிப்போன லாட்ஜுகளில் வாங்கிய பழைய சாமான். அதற்குள்ளே, துணி சுற்றி, நம்ம கிடார். நீ பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று இருந்தேன் பிரிசி, சத்தியமாக. ஆனால் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போகப்போகிறார் என்றார் செங்கல்வராயன். விட முடியுமா? முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கிவிட்டேன்!

உன் புருஷனை யாரும் ஏமாற்ற முடியாது என்பதையும் கேள். செங்கல்வராயன் என்ன சொன்னார் தெரியுமா?

"அண்ணாத்த, மொதல்லயே சொல்லிட்றேன். இது ஃப்ரெட்லெஸ்ஸு. தெர்ஞ்சிக்கினு வாங்கு. அப்பால வந்து பேஜார் பண்ணாத."

"தெரியும், தெரியும். எவ்ளோ லெஸ்ஸு?"

"இன்னாது?"

"அதான்பா, ஃப்ரெட்டு இல்லன்னு நீயே சொல்ற. அதுக்கு எவ்ளோ லெஸ் பண்ணுவ?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சரி, ஆயிரம் ரூபா கொறச்சிக்கோ, எட்த்துக்கினு போ" என்றார். என்ன, எப்படி?

நீ இத்தனை வருஷமாக "ஃப்ரெட்லெஸ், ஃப்ரெட்லெஸ்" என்று சொன்னதன் அர்த்தம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. விலை குறைவாக வரும் என்று குறுக்குக் கம்பி போன கிடாரைத் தேடியிருக்கிறாய். எவ்வளவு சிக்கனம்! என்னிடம் சொல்லியிருந்தால் முழுசாகவே வாங்கித் தந்திருப்பேனே.

இப்போது அந்தக் கவலையும் இல்லை. ஒரு குறையோடு என் பெண்டாட்டி கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஃப்ரெட் கம்பியை ஆன்லைனில் வரவழைத்தேன். சர்ச்சில் இருக்கும் உன் பழைய பாஸையே அளவுக்கு வாங்கி வந்து, பக்கத்தில் வைத்துக் கோடு போட்டு, ஆக்ஸா பிளேடால் அறுத்து, அத்தனை குறுக்குக் கம்பியும் அடித்து இறக்கிவிட்டேன். ஒரு நூல் பிசகவில்லை. அந்தக் கருங்காலி என்ன கெட்டி தெரியுமா, நாலு பிளேடு உடைந்தது!

29ஆம் தேதி வந்து பார். அசந்துபோவாய்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
ஜெபசிங்

*

கருங்குழி,
21 டிசம்பர் 2024

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் போட்ட கூச்சலில், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "இன்னாடி ஆச்சு? யாருக்கு இன்னா?" என்று என்னைப் பிடித்து உலுக்குகிறாள். கடிதத்தை நீட்டினேன். அவளும் படித்துவிட்டு, "கம்பி போட்டது நல்லதுதானே?" என்கிறாள். எங்கே போய் முட்டிக்கொள்வேன் நான்?

ஃப்ரெட் என்றால் நீங்கள் அடித்து இறக்கிய அந்தக் குறுக்குக் கம்பி. ஃப்ரெட்லெஸ் என்றால் அந்தக் கம்பியே இல்லாமல் செய்வது. செய்கிறபோதே அப்படித்தான் செய்வார்கள். அது குறையும் இல்லை, உடைசலும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. அதற்காகத்தான் அந்தக் கிடாருக்கு அவ்வளவு மதிப்பு. நாற்பது ஐம்பது வருஷம் ஒருவர் கையும் கெடுக்காமல் இருந்த அந்தக் கருங்காலியை நீங்கள் பிளேடு போட்டு அறுத்திருக்கிறீர்கள். நாலு பிளேடு உடைந்ததே, ஐந்தாவது பிளேடை எடுக்கும்போதாவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?

ஃப்ரெட் இருக்கிற பாஸில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இடம் போட்டு வைத்திருக்கும். விரலை வைத்தால் போதும். ஃப்ரெட் இல்லாததில் நானே காதால் தேடிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் அபஸ்வரம். ஆனால் சரியாக விழுந்தால் ஒரு ஆள் வாய்விட்டுப் பாடுவது மாதிரி இருக்கும். ஒரு தடவையாவது அப்படி வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிடும்போது, பஸ்ஸில், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பறவை பார்க்கப் போனபோது. நீங்கள் "ம், ம்" என்றீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 29ஆம் தேதி பாஸை எடுத்துக்கொண்டு அப்படியே நம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இருந்தேன். துணிமணிகூட எடுத்துவைத்துவிட்டேன். நீங்கள் நான் சொன்னதை மட்டும் செய்யக்கூடியவர் என்று ஒரு தடவை தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஆத்திரம் கொஞ்சம் அடங்கியதும் சென்னையில் கிடார் செய்கிற ஒருவரிடம் போனில் கேட்டேன். கம்பியைப் பதமாக எடுத்து, அறுத்த இடத்தில் மெல்லிய மரச் சீவல் வைத்து அடைத்தால் ஓரளவு பிழைக்கும் என்றார். "ஆனா வேற யாரையும் கை வைக்க வுடாதீங்கம்மா" என்றார். அதனால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அதைத் தொடாதீர்கள். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். 29ஆம் தேதி வருகிறேன். நீங்கள் தொடாமல் இருந்தால் அக்காவிடம் சொல்லிக்கொண்டு பெட்டியோடு வருகிறேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

பிரிசில்லா

*

மாமல்லபுரம்,
26 டிசம்பர் 2024

என் கண்ணான பிரிசி,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உனக்கும் அக்காவுக்கும் உண்டாகட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லெஸ் என்றால் நம் ஊரில் தள்ளுபடிதானே பிரிசி? ஆடி மாசம் எல்லாக் கடையிலும் போர்டு வைக்கிறார்களே! என்ன காரியம் செய்துவிட்டோம் என்று டூட்டியில் இருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. செங்கல்வராயனிடம் போய், "ஏன்பா நீ சொல்லல?" என்றேன். "நான்தான் தெர்ஞ்சிக்கினு வாங்குன்னேனே. நீதான் லெஸ் கேட்ட, ஏதோ பெரிய வாத்தியக்காரன்னு நெனச்சேன்" என்று சிரிக்கிறார்.

நீ சொன்னபடி பீரோவில்தான் வைத்தேன். பூட்டினேன். நாள் முழுக்க வைத்திருந்தேன். ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. நான் செய்த தப்போடு அது உள்ளே இருக்கிறது, நீ வந்து அதைப் பார்த்து அழப்போகிறாய் என்று நினைத்து நினைத்து பீரோவையே சுற்றிச் சுற்றி வந்தேன். தப்புச் செய்தவன்தானே சரி செய்ய வேண்டும்? கிறிஸ்மஸ் அன்று சர்ச்சிலிருந்து வந்ததும் உட்கார்ந்தேன்.

கட்டிங் பிளேயரால் எல்லாக் கம்பியையும் பிடுங்கிவிட்டேன். இரண்டு மூன்று இடத்தில் மரம் பெயர்ந்து வந்தது. பயப்படாதே, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன். எங்கள் ஓட்டல் பார் கவுண்டருக்கு அடிக்கிற உயர்ந்த சரக்கு. முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளக்கிறது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். நீயாகக் கண்டுபிடித்து ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தக் கிடாரின் கழுத்து தடியாக இருந்தது. பிடித்து வாசித்தால் உன் மணிக்கட்டு மறுபடி வலிக்குமே என்று பின்பக்கத்தை இழைத்து மெல்லிசாக்கிவிட்டேன். இழைக்கும்போது உள்ளே ஓர் இரும்புத் தண்டு தெரிந்தது. எப்போதோ உடைந்ததற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் போல. அதையும் உருவி எடுத்துவிட்டேன். இப்போது பூப்போல இருக்கிறது, உன் கைக்கென்றே செய்த மாதிரி.

ஞாயிறு எனக்கு டூட்டி. மூன்று மணிக்கு வந்துவிடுவேன். சாவி பூங்கொடியிடம் இருக்கும். வீட்டில் உனக்காக இன்னொரு பரிசும் மாட்டி வைத்திருக்கிறேன். மட்டன் வாங்கி வருகிறேன், நீ எதுவும் செய்யாதே.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
ஜெபசிங்

*

கருங்குழி,
30 டிசம்பர் 2024

அன்புள்ள என்னங்க,

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் திடுக்கிட்டிருப்பீர்கள். மேஜை மேல் கிடாரின் கழுத்து மட்டும் கிடக்கிறது, உடம்பைக் காணோம். திருடன் யாரும் வரவில்லை. நான்தான் வந்தேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமையே கிடைத்தது. "வாணாம்டி, போவாத" என்றாள் அக்கா. என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். செங்கல்பட்டு போய் பஸ் மாறி வந்து சேரும்போது பதினோரு மணி.

நீங்கள் உருவி எடுத்த இரும்புத் தண்டு முட்டு இல்லைங்க. ஸ்ட்ரிங் இழுக்கிற இழுப்புக்குக் கழுத்து வளையாமல் நிற்பதே அதனால்தான். முதல் ஸ்ட்ரிங்கை முறுக்கினேன், கழுத்து என் கண் முன்னாலேயே வளைந்தது. இரண்டாவதை முறுக்கும்போது மளுக்கென்று சத்தம் கேட்டது. கழுத்தை உடம்போடு பிடித்திருப்பது பின்பக்கம் நாலே திருகாணிதான். உங்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே கழற்றினேன். உடம்பு பிழைத்திருக்கிறது, அதைக் கொண்டுவந்துவிட்டேன். சென்னைக்காரர் வேறு கழுத்து செய்து தருகிறேன் என்கிறார். பழைய மதிப்பும் பழைய குரலும் வராதாம். என் காசில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்காகப் போய்விட்டேன் என்று நினைக்காதீர்கள். அத்தனையும் பார்த்த பிறகும் உங்களுக்காகக் காத்திருக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். டீ போட்டுக் குடித்தேன். கிறிஸ்மஸ் அன்று ஒண்டியாக உட்கார்ந்து என் மணிக்கட்டுக்காக இழைத்துக்கொண்டிருந்திருக்கிறாரே மனுஷன் என்று அழுகைகூட வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன்.

நம் கல்யாண போட்டோ. பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். முதலில் அது நான்தான் என்றே தெரியவில்லை. யாரோ உங்கள் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. என் முன்பல் இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்து அதில் இல்லை.

கண்ணாடி முன்னால் போய் நின்று பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டேன். அது இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாவி கொடுக்கப் போனபோது பூங்கொடி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "போட்டோவ பாத்தியாக்கா? அண்ணன் நாலு தபா ஸ்டுடியோவுக்கு அலைஞ்சி பல்ல சரி பண்ணிக்கினு வந்திச்சி. நீ சந்தோஷப்படுவன்னு அப்பிடி சொல்லிக்கினு இருந்திச்சி." அவளிடம் என்ன சொல்வேன்? "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பல்லைச் சரி செய்யச் சொல்லி நான் என்றைக்காவது கேட்டேனா? என் அப்பாவுக்கும் அதே சந்து இருந்தது. கல்யாணத்தன்று போட்டோகிராபர் வாயை மூடிச் சிரிக்கச் சொன்னபோது மாட்டேன் என்று பிடிவாதமாகப் பல் தெரியச் சிரித்தவள் நான். நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்.

உங்களுக்கு என் மேல் பாசம் இல்லை என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், சொன்னால் அது பொய். ஆனால் எனக்கு உங்களிடம் பயமாக இருக்கிறது. அடுத்து என்னில் எதைக் கண்டுபிடித்துச் சரி செய்வீர்களோ என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிற வீட்டில் என்னால் இருக்க முடியாது. நான் திரும்பி வரப்போவதில்லை. பேச வேண்டியதைப் பெரியவர்களை வைத்துப் பேசிக்கொள்வோம். சண்டை வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். போட்டோவைக் கழற்ற வேண்டாம், சுவரிலேயே இருக்கட்டும். அதில் இருக்கிறவள் உங்களோடு ஒத்துப்போவாள்.

இப்படிக்கு,
முன்பல் சந்தோடு,
பிரிசில்லா