பல்லக்கு வந்தபோது கேட்ட ரொக்கெற் சத்தம்

அண்ணை,

போன சனிக்கிழமை உங்கள் கீபோர்ட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டேன். உங்களுடையதே அல்ல, அதே வகை. கறுப்பு உடம்பு, வலது ஓரத்தில் சிவப்புப் பொத்தான்கள். பாப் இசைக்கும் விஞ்ஞானக் கதைகளுக்குமாக ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது என்று மகள்தான் மெற்றோவில் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பக்கம் கிற்றார்கள், மறுபக்கம் வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகள். கால் நோவுதான் மிச்சம் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

கூடப்பிறக்காமலே நீங்கள் எனக்கு அண்ணையான அந்தப் பேஸ்மென்ற் வாடகை வீட்டில், நாம் இருவரும் இருந்த முதல் குளிர்காலம் நினைவிருக்கும். கோப்பை கழுவிய காசில் நீங்கள் குளிர் ஜக்கெற் வாங்காமல் அந்தக் கீபோர்ட்டை வாங்கிவந்தீர்கள். நான் திட்டத் திட்ட, ஹெட்போனை என் காதில் மாட்டினீர்கள். "கேளும், இது செவ்வாயில மழை பெய்யிற சத்தம்." செவ்வாய்க் கிரகத்தில் மழை பெய்யாது என்று வாதாடினேன். "போய்ப் பாத்தனீரோ?" என்றீர்கள். இந்த நாட்டுக்கு வந்தபின் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அப்படிப்பட்ட உங்களுக்கு நான் செய்ததைப் பாருங்கள். மகள் பெரியபிள்ளையானதற்கு பக்கத்து நகரமான லவாலில் மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்தோம். ரொறன்ரோவிலிருந்து பல்லக்கு வந்தது, மனைவியின் சொந்தக்காரர் அத்தனை பேரும் வந்தார்கள். வாசிக்க நீங்கள் வந்தீர்கள். மகளைப் பல்லக்கில் தூக்கிவந்தபோது, மங்கள இசைக்குப் பதிலாக உங்கள் கீபோர்ட்டிலிருந்து ரொக்கெற் கிளம்பும் சத்தம் வந்தது. சபை கொல்லென்று சிரித்தது. மானம் போய்விட்டது என்று நினைத்து, அறிவிப்பாளரின் மைக்கைப் பறித்தேன்.

"அண்ணை, உங்கட விசர் வேலையை வீட்டில வைச்சுக்கொள்ளுங்கோ. இது மரியாதையான இடம்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு பல்லக்கில் இருந்தவளைப் பார்த்தீர்கள். மங்கள இசைக்கு மாறினீர்கள். அன்று சாப்பிடாமலே போய்விட்டீர்கள், அதன்பின் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. மாமா எங்கே என்று மகள் கேட்டபோதெல்லாம் மாமாவுக்கு வேலை கூட என்று சமாளித்தேன். உங்கள் செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்று, பார்க்கிங் நேரம் முடிகிறது என்று சொல்லிப் புறப்பட்டவனும் நான்தான்.

பெட்டிக்கு முன்னால் மகள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, அந்த ரொக்கெற் நான்தான் கேட்டனான்."

வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள், எல்லோரும் பார்க்கப் பல்லக்கில் இருக்க வெட்கமாக இருக்கிறது என்று உங்களிடம் அழுதாளாம். "பல்லக்கெண்டு நினையாதை பிள்ளை, ரொக்கெற் எண்டு நினை. நான் கிளப்பிவிடுறன்" என்றீர்களாம். என் கோபத்துக்குப் பயந்து அவள் இத்தனை வருடமும் சொல்லவில்லை. பிள்ளைதான் கேட்டவள் என்று நீங்கள் அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் என் வாய் மூடியிருக்கும். நான் அவள்மேல் பாய்வேன் என்று தெரிந்துதான் அதை விழுங்கினீர்கள். அவளைப் பார்த்த அந்தப் பார்வை எதற்கென்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அது என்னை விட்டுப் போவதாக இல்லை.

"பேந்து மாமாவிட்ட மன்னிப்புக் கேட்டனீங்கள்தானே?" என்றாள்.

"ஓம், போன் எடுத்துக் கதைச்சனான்" என்றேன்.

அவள் நிம்மதியோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு ஒருமுறைகூட நான் போன் எடுக்கவில்லை, அண்ணை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிட வருகிறாள். பிரெஞ்சில் படித்தவள், தமிழ் எழுத்துத் தெரியாது. இந்த மடலை நானே அவளுக்கு வாசித்துக்காட்டவேண்டும். அந்த "ஓம்" வரும் இடத்தையும்தான்.