வியாழக்கிழமைக்கு அந்தப் பரண் வேண்டும்

அனுப்புநர்:
மஸூதா (சேனைக் காணிக்காரர் ஸக்கரியாவின் மனைவி),
பல்லேகம, லக்கல.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மாத்தளை.

விடயம்: எமது சேனையிலுள்ள காவல் பரணை எதிர்வரும் செவ்வாய்க்கிழமை அகற்றுவதாக ஒட்டப்பட்ட அறிவித்தலை நிறுத்தி வைக்கக் கோரல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். தங்கள் கச்சேரி அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்களிடம் இந்த விடயத்தைச் சொல்வதும் மாத்தளைச் சந்தையில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்று. எனக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும். பெற்ற பிள்ளையின் நோயை அதில் எழுதத்தான் வரவில்லை. தங்கள் அலுவலகத்தில் இதை ஒருவர் மட்டும் மொழிபெயர்க்கட்டும், நாலு மேசைக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டாம் என்று முதலிலேயே தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். என் மகளின் பெயரையும் இதில் எழுதவில்லை.

2. மகளுக்கு வயது பத்தொன்பது. உயர்தரப் பரீட்சை எழுதியவள். அவளுக்கு இருப்பது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று வைத்தியர் தமிழில் எழுதித் தந்தார். பெயர் பெரிது. வீட்டில் அது எப்படி இருக்கும் என்றால், நான் பேசிக்கொண்டிருந்துவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனாலே, உம்மா இனித் திரும்பி வரமாட்டாள் என்று அவளுக்குத் தோன்றிவிடும். காலையில் என்னைப் போல் ஒருவர் உலகத்திலேயே இல்லை என்பாள். பகலில் என் முகத்தில் விழிக்கமாட்டாள். அந்த வேதனை தாங்காமல் தன்னையே காயப்படுத்திக்கொண்டு இரண்டு தடவை வைத்தியசாலை வாட்டில் கிடந்திருக்கிறாள். இரண்டாம் தடவை அவள் பிழைத்தது அல்லாஹ்வின் கிருபை. மூன்றாம் தடவை ஒன்று வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த மனு.

3. ஊரார் சொன்னதைக் கேட்டு ஓதிப் பார்த்தோம், நூலும் கட்டினோம். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக பஸ்ஸில் ஏற்றினால், யாரோ தன்னைப் பார்த்துச் சிரித்ததாக எண்ணிப் பாதி வழியில் இறங்கிவிடுவாள். கடைசியில் வெளி மாவட்டத்திலுள்ள ஒரு வைத்தியர், வியாழக்கிழமை தோறும் பின்னேரம் ஒரு மணி நேரம் ஒன்லைனில் அவளுக்குச் சிகிச்சை தர ஒத்துக்கொண்டார். தமிழில் பேசுகிறவர். மனம் கொதிக்கும்போது உடனே எதுவும் செய்துவிடாமல், அந்தக் கொதிப்புக்கு ஒரு பெயர் சொல்லி, அது இறங்கும்வரை எப்படிப் பொறுத்திருப்பது என்று பழக்கினார். ஐயா, இது வேலை செய்தது. நோன்புப் பெருநாளன்று என் பிள்ளை பழையபடி சிரித்ததை நான் கண்ணால் கண்டேன்.

4. எங்கள் வீட்டில் தொலைபேசிக் கவரேஜ் இல்லை. வீதியோரப் பாலத்தில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அங்கே போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் காது இருக்கிறது. டவுனில் போட்டோக் கொப்பிக் கடையின் பின்பக்கம் ஒரு தடவை முயன்றோம். கடைக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தடையில்லாமல் கவரேஜ் கிடைப்பதும் மனிதக் காது எட்டாததும் ஒரே ஓர் இடம்தான். அது, காட்டோரம் மழையை நம்பி நாங்கள் பயிர் செய்யும் சேனையில், யானைக் காவலுக்கு என் கணவர் மரத்தின்மேல் கட்டிய பரண். மகள் மேலே இருந்து பேசுவாள். அவளுடைய வாப்பா, பரண் தெரியும், பேச்சுக் கேட்காது என்ற அளவுக்குத் தள்ளி, யானை விரட்டும் வெடியோடு உட்கார்ந்திருப்பார்.

5. இதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், "குமர்ப்பிள்ளை ஒன்று பரணில் ஏறி ஆணுடன் கதைத்து அழுகிறாள், ஊருக்கு மானக்கேடு" என்று பிரதேச செயலகத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார். அவள் பேசியதும் அழுததும் உண்மை. வைத்தியர் ஆண் என்பதும் உண்மை. வைத்தியரிடம் அழாமல் வேறு யாரிடம் அழுவது?

6. கடிதத்தை விசாரிக்க வந்த அலுவலர் (பெயர் குறிப்பிட விரும்பவில்லை) சிகிச்சை நேரத்திலேயே வந்து, அவளைக் கீழே இறக்கி, தொலைபேசியை வாங்கி, திரையில் இருந்தவரிடம் "நீ யார், இந்தப் பிள்ளைக்கு நீ என்ன வேண்டும்?" என்று கேட்டார். நோயாளியின் விடயத்தை வைத்தியர் வெளியாருக்குச் சொல்லக்கூடாதாம். ஆகவே அவர், "அதை நான் சொல்ல முடியாது, பெற்றோரிடம் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அலுவலருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. கையில் வெடியோடு ஓடிவந்த என் கணவர் தம்மை மிரட்டியதாகவும் அவர் அறிக்கை எழுதியிருப்பதாகக் கேள்வி. அதெல்லாம் போகட்டும். பக்கத்தில் நின்ற என் மகளின் காதில் விழுந்தது வேறு. வீட்டுக்கு வந்து என்னிடம், "உம்மா, டொக்டர் சேரும் என்னயத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு. அவரும் போயிட்டாரு" என்றாள். அவளுடைய மானத்தைக் காப்பாற்ற அவர் வாய் மூடினார். தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவளுடைய நோயே அதுதான், ஐயா.

7. அன்றிலிருந்து அவள் தொலைபேசியைத் தொடவில்லை. சோறும் சரியாக இல்லை. கண் மூடினால் என்ன ஆகுமோ என்று நானும் அவளுடைய வாப்பாவும் மாறி மாறி விழித்திருக்கிறோம். வியாழக்கிழமைகளில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு நான்தான் பரணில் ஏறுகிறேன். "அவங்க வராட்டியும் அந்த ஒரு மணி நேரமும் நான் இங்க இருப்பேன்னு சொல்லுங்க" என்றார் வைத்தியர். சொன்னபடியே இருக்கிறார். நானும் இறங்கிப் போய் மகளிடம், "அவர் இருந்தாரு" என்று சொல்கிறேன்.

8. இந்த நிலையில்தான், காணி கைவிடப்பட்டிருப்பதால் பரண் தேவையற்றது என்றும், அது தகாத காரியங்களுக்குப் பயன்படுகிறது என்றும் மரத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். ஓகஸ்ட் மாதத்தில் மழையில்லாச் சேனையில் என்ன பயிர் நிற்கும் என்று அந்த அலுவலர் லக்கலயில் எவரிடமும் கேட்டிருக்கலாம். பெரும்போக மழைக்கு நாங்கள் விதைப்போம். காணி உத்தரவுப்பத்திரத்தின் பிரதியை இணைத்துள்ளேன். தகாத காரியம் என்று அவர்கள் எழுதியது என் மகளின் சிகிச்சையைத்தான்.

9. ஆகவே செவ்வாய்க்கிழமைக்கு முன் அந்த அறிவித்தலை நிறுத்தி உத்தரவிடும்படி மன்றாடுகிறேன். பரண் போகத்தான் வேண்டும் என்றால், கவரேஜும் கதவும் உள்ள ஓர் அறையைப் பல்லேகமவில் ஏதாவது பொதுக் கட்டடத்தில் வியாழன் பின்னேரம் ஒரு மணி நேரத்துக்குத் தந்துவிட்டு, அதன் பிறகு அகற்றுங்கள். விசாரணைக்கு யாரை அனுப்பினாலும் அந்த நேரத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். தங்கள் பதில் மூடிய உறையில் வரட்டும்.

10. ஒன்று சொல்லி முடிக்கிறேன். நேற்று வியாழக்கிழமை. நான் பரணில் இருந்தபோது கீழே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. யானையோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். என் மகள் நின்றாள். "இருக்காரா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, காலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வருகிற வியாழன் அவள் ஏறுவாளா என்று எனக்குத் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. அவள் வந்து பார்க்கும்போது அந்த ஏணி அங்கே இருக்க வேண்டும், ஐயா.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) ஸ. மஸூதா

இடம்: பல்லேகம
திகதி: 2024.08.16

இணைப்பு: காணி உத்தரவுப்பத்திரப் பிரதி
பிரதி: வேறு எவருக்கும் அனுப்பப்படவில்லை