முழங்கையில் நின்ற வளையல்

அக்கா, இன்று காலை மேல்தட்டிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். உன் வளையல் சரசரவென்று இறங்கி முழங்கையில் போய் நின்றது. உன் அடக்கம் முடிந்து அம்மா அதை எனக்குப் போட்டுவிட்டபோது சோப்பு தடவித்தான் ஏறியது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் கடைசித் தவக்காலம் கண்முன் வந்தது. கறி, முட்டை எல்லாம் விட்டு ஒருவேளைதான் சாப்பிட்டாய். கை குச்சியாகிக்கொண்டே வந்தது. "ஒருசந்தி இருந்தா மெலியத்தானே செய்யும்" என்று கோவிலில் உன்னை எல்லோரும் மெச்சினார்கள். நான் மட்டும் நம்பவில்லை. மெடிக்கல் கடைக்கு இழுத்துப்போய் எடைமிஷினில் ஏற்றினேன். கிறிஸ்துமஸுக்குப் பார்த்த அதே எடை.

"பாத்தியா, ஒரு கிலோகூட குறையல. ஏனூ ஆகல்ல, சும்னிரு டி!" ஒன்றும் ஆகாது, சும்மா இரு என்று பாதிக் கன்னடத்தில் என்னை அடக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினாய். எனக்கும் உயிர் வந்தது.

ஈஸ்டருக்கு வாங்கிய செருப்பின் வார் அழுத்திய தடம் உன் காலைவிட்டுப் போகவே இல்லை. வயிறு உப்பி, புடவைக் கொசுவம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னடத்தில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். கல்லீரல் கெட்டுவிட்டது, சதை கரையக் கரைய அந்த இடத்தை நீர் பிடித்துக்கொண்டது. மிஷினுக்குச் சதையும் ஒன்றுதான், நீரும் ஒன்றுதான். பாழாய்ப்போன அந்த எடையை நம்பி நாம் நிம்மதியாக இருந்தோம்.

இன்று கிளினிக்கில் நர்ஸ் பெண் என்னை மிஷினில் ஏற்றினாள். "உங்க ஹைட்டுக்குக் கரெக்ட் வெயிட் ஆன்ட்டி, இறங்குங்க" என்றாள்.

நான் இறங்கவில்லை. "போன வருஷமும் இதே வெயிட்தாம்மா. ஆனா இந்த வளையலப் பாரு" என்று கையைத் தூக்கிக் காட்டினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அவள் குனிந்து என் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எழுந்து டாக்டரைக் கூப்பிட உள்ளே போனாள்.

சீக்கிரம் வந்தது நல்லது என்று டாக்டர் சொன்னார். வயிற்றை ஸ்கேன் எடுக்க எழுதிக்கொடுத்தார். பயமாக இருக்கிறது அக்கா, ரொம்பப் பயமாக இருக்கிறது.

நாளைக் காலை ஸ்கேன். வளையலைக் கழற்றச் சொல்வார்கள். சோப்பு வேண்டியிருக்காது.