அப்பாவின் தலைக்குள் ஐந்து வரி

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம், அங்கே உன் கப்பலும் நீயும் ஆட்டம் இல்லாமல் இருந்தால் சரி. உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தப் பெருமையில் வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. என் சலவைக்கூடத்தில் அடுத்த ஷிப்டுக்கான குறிப்பை இனி இங்கிலீஷில்தான் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், அதனால் சாயந்திரம் வகுப்புக்குப் போகிறேன், சிரிக்காதே.

இப்போது படர்க்கைப் பாடம் நடக்கிறது. அவன், அவர் இரண்டுக்கும் அங்கே ஹி ஒன்றுதான், உன் அப்பாவையும் எதிர்வீட்டுப் பொடியனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். வினைச்சொல்லின் வாலில் ஒரு எஸ் ஒட்ட வேண்டுமாம், அதைத் தினமும் மறந்து தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். அதைவிடக் கஷ்டம் யார் கண்ணால் பார்த்துச் சொல்கிறோம் என்பது. ஒருவர் தலைக்குள் புகுந்தால் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும், மற்றவர்களை வெளியிலிருந்துதான் பார்க்கலாம். வீட்டில் ஒருவர் தலைக்குள் புகுந்து நேற்று மாலையை எழுதி வரச் சொன்னாள் டீச்சர், உன் வயதுப் பெண். நான் அப்பாவை எடுத்துக்கொண்டேன். மகனிடமிருந்து போன் வருகிறது, அவர் எழுந்து கொல்லைக்குப் போகிறார், பட்டறையை ஏற்காமல் கப்பலுக்குப் போன மகன்மேல் அவருக்குக் கோபம், இப்படி ஐந்து வரி. டீச்சர் படித்துவிட்டு, இது பக்கத்தில் நின்ற உங்கள் கண்ணால் எழுதியது, கொல்லையில் அவர் என்ன நினைத்தார் என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கோபம் என்று நாமாகவே முடிவு கட்டி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

சாப்பிடும்போது அவரிடமே கேட்டேன். உனக்கு வேறு வேலையில்லை என்றார், பிறகு மெதுவாகச் சொன்னார். கோபமெல்லாம் நீ போன சூட்டோடு தீர்ந்துவிட்டதாம். தகரம் தட்டித் தட்டிக் காது போய்விட்டது, எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துச் சமாளிக்கிறார், போனில் உன் குரல் வெறும் இரைச்சல். புரியாமல் எதையாவது உளறினால் அப்பாவுக்கு இன்னும் வீம்பு போகவில்லை என்று நீ நினைப்பாயே என்றுதான் எழுந்து போகிறாராம். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கே தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரம் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன், மெஷின் வைக்க ஒத்துக்கொள்வாரா என்பது சந்தேகம்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு காற்றில் நிற்காதே. எங்கே மிதந்தாலும் எங்கள் ஆசி உன்னோடு இருக்கும். பெரியவனுக்கு என்ன எழுதட்டும் என்று அப்பாவைக் கேட்டேன். நீ அனுப்பிய போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்காதே. லீவு கிடைச்சா வரச் சொல்லு, ஆனா அந்தத் தாடிய எடுத்துட்டு வரச் சொல்லு, வாய் தெரிஞ்சாத்தான் அவன் பேசறது எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா